தோட்டத்து வீட்டார் குழு: மணியனின் தாடைக் கட்டி

ஷீபா (மார்த்தாண்டம்): எல்லோருக்கும் வணக்கம். எங்கள் முயல் மணியனுக்குக் கீழ்த்தாடையின் இடப்பக்கம் கெட்டியாக ஒரு கட்டி இருக்கிறது. எச்சில் வடிந்து மோவாய் முடி நனைந்து கிடக்கிறது. காலையில் வைத்த புல்லைத் தொடவே இல்லை. என்ன செய்யலாம் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

லீலா அத்தை (கருங்கல்): சின்னவனின் காய்ச்சலுக்கு வாங்கிய அமாக்ஸிசிலின் மருந்து மீதி இருக்குமே, அதில் அரை மூடி கொடுத்துப் பார், மக்களே.

வில்சன் மாமா (குலசேகரம்): எங்கள் ஆட்டுக்கு வந்த கட்டியை நானே பிளேடால் கீறி மஞ்சள் வைத்து ஆற்றினேன். ஒரு முயலுக்காக இவ்வளவு கலக்கம் எதற்கு?

ஸ்டீபன் சித்தப்பா (நாகர்கோவில்): ஷீபா, இரண்டையும் செய்யாதே. அமாக்ஸிசிலின், ஆம்பிசிலின், கிளிண்டாமைசின் போன்றவற்றை முயலுக்கு வாய்வழியாகக் கொடுத்தால், புல்லைச் செரிக்க உதவும் குடல் நுண்ணுயிர்கள் அழிந்து, கெட்டவை பெருகி நஞ்சை உண்டாக்கி, கழிச்சலில் உயிரே போய்விடக்கூடும். பென்சிலினையே மருத்துவர் தோலுக்கடியில் ஊசியாகப் போடுவதுண்டு. அதை அவர்தான் தீர்மானிக்க வேண்டும்.

லீலா அத்தை: நல்லெண்ணத்தில்தான் சொன்னேன், தம்பி.

ஸ்டீபன் சித்தப்பா: தெரியும், அக்கா. வில்சன் சொன்ன ஆட்டுக் கதையும் இங்கே பொருந்தாது. முயலின் சீழ் பற்பசையைப் போலக் கெட்டியானது, அதைச் சுற்றித் தடித்த உறையும் இருக்கும். கீறினால் வழியாது, மேல்தோல் ஆறியபின் உள்ளே மறுபடியும் சேரும். மூலம் பெரும்பாலும் பல்லின் வேரில்தான் இருக்கும். முயலின் 28 பற்களும் வாழ்நாள் முழுதும் வளர்பவை. நார்ச்சத்துள்ள புல்லை அரைத்துத் தின்னாவிட்டால் கடைவாய்ப் பற்கள் தேயாமல் நீண்டு கோணி, வேர்கள் தாடை எலும்பை அழுத்தும், அந்த இடத்தில் சீழ் பிடிக்கும்.

பெனி (திருநெல்வேலி): ஓய்வு பெற்ற கால்நடை ஆய்வாளரின் வகுப்பு தொடங்கிவிட்டது.

லீலா அத்தை: அப்படியானால் தினமும் பிஸ்கட் கொடுத்தது யார் என்று முதலில் கேளுங்கள்.

ஷீபா: அத்தை, பிஸ்கட் பாக்கெட்டோடு வந்தது உங்கள் பேரன்தான்.

வில்சன் மாமா: இந்நேரம் கறிக்குழம்பே வைத்திருக்கலாம்.

ஷீபா: மாமா, பிள்ளைகளும் இந்தக் குழுவைப் படிக்கிறார்கள்.

ஸ்டீபன் சித்தப்பா: விஷயத்துக்கு வருவோம். எக்ஸ்ரே எடுத்து எந்தப் பல், எலும்பு எவ்வளவு கெட்டிருக்கிறது என்று பார்த்தபின், உறையோடு கட்டியை அகற்றி, கெட்ட பல்லையும் எலும்பையும் எடுப்பதே முறையான சிகிச்சை. சிலர் புண்ணைத் திறந்தே விட்டு நாள்தோறும் கழுவச் சொல்வார்கள். சிலர் மருந்தேற்றிய மணிகளை உள்ளே வைப்பார்கள். உறையின் ஒரு துண்டைச் சோதனைக்கு அனுப்பச் சொல், ஏனென்றால் காற்றில்லா இடத்தில் வளரும் கிருமிகள் இருந்தால் என்ரோஃப்ளாக்சசின் என்ற கிருமிக்கொல்லி மருந்து மட்டும் போதாது. வாரக்கணக்கில் மருந்து தேவைப்படும். அப்படியும் திரும்ப வரலாம் என்பதைப் பிள்ளைகளிடம் இப்போதே சொல்லி வை. அறுவைக்கு முன் பட்டினி போடாதே, முயலுக்கு வாந்தி வராது.

பெனி: திருநெல்வேலியை அடுத்த இராமையன்பட்டிக் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டு வாருங்கள், நான் வாசலில் நிற்கிறேன்.

லீலா அத்தை: மார்த்தாண்டத்துக்குத் திருவனந்தபுரம்தானே பக்கம்?

ஸ்டீபன் சித்தப்பா: எங்கே போனாலும் சரி, ஆனால் இன்றே பக்கத்து மருத்துவரிடம் காட்டி வலிக்கு மெலாக்ஸிகாம் கேள். ஒரு நாள் முழுதும் தின்னாமல் இருந்தால் முயலின் குடல் நின்றுவிடும். பெல்லட் தீவனத்தை ஊறவைத்துக் குழைத்து, ஊசியில்லாத சிரிஞ்சால் வாயின் ஓரமாக, புரையேறாதபடி மெல்லக் கொடு.

ஷீபா: சரி, சித்தப்பா. நாளைக்கு வண்டிக்கு என்ன செய்வது?

லீலா அத்தை: வில்சனின் ஜீப் சும்மாதானே நிற்கிறது? என் மகன் கல்யாணத்துக்குத்தான் கிடைக்கவில்லை.

வில்சன் மாமா: அன்றைக்கு உண்மையிலேயே பிரேக் பழுதாக இருந்தது. இப்போது பேட்டரி இறங்கியிருக்கிறது. காலையில் பார்த்துச் சொல்கிறேன்.

பெனி: அப்படியானால் கறிக்குழம்புக்கும் ஜீப் வராது.

ஸ்டீபன் சித்தப்பா: ஷீபா, இரவில் எத்தனை புழுக்கை போட்டது, வழக்கத்தைவிடச் சிறியதா என்று பார்த்துக் காலையில் எழுது.

ஷீபா: எழுதுகிறேன், சித்தப்பா. திருநெல்வேலியா திருவனந்தபுரமா என்பதையும் வண்டி யாருடையது என்பதையும் இன்னும் யாரும் சொல்லவில்லை.