கெண்டோ: கால் முந்துகிறது, ஷினாய் பிந்துகிறது. எப்படிச் சரிசெய்வது?

கேட்டவர்:
வணக்கம். ஒசாகாவில் வேலை பார்க்கிறேன். இங்கே மாலை வகுப்பில் கெண்டோ (ஜப்பானிய வாள் பயிற்சி) பழகுகிறேன், கவசம் போட ஆரம்பித்துக் கொஞ்ச நாள்தான் ஆகிறது. மென் (தலை அடி) அடிக்கும்போது வலது கால் தரையில் 'டம்'மென்று விழுந்த பிறகுதான் ஷினாய் (மூங்கில் வாள்) எதிராளியின் தலையில் படுகிறது. ரெண்டு சத்தமும் தனித்தனியாகக் கேட்கிறது. 'மென்!' என்ற கத்தல் அதற்கும் பிறகு. காலை மெதுவாக வைத்தால் அடியில் வேகமே இல்லை. வலது குதிகால் வேறு வலிக்கிறது. எதைத் திருத்துவது?

பதில் 1:
வலது காலை விட்டுடுங்க, கோளாறு அங்கே இல்லை. பக்கவாட்டிலிருந்து ஸ்லோமோஷனில் ஒரு வீடியோ எடுத்துப் பாருங்க. வலது கால் தரையை விட்டுக் கிளம்பும்போது உங்க கை இன்னும் இடுப்புக்கு நேரேதான் நிற்கும்னு நினைக்கிறேன். கால் காற்றில் இருக்கும் நேரம் ரொம்பக் குறைவு. அதற்குள் ஷினாயைத் தூக்கி, இறக்கி, அடிப்பது புதுசாப் பழகறவங்களுக்குக் கஷ்டம். உடம்பு முன்னே நகர ஆரம்பிக்கும்போதே கை ஏறத் தொடங்கணும்.

அடுத்தது இடது கால். குதிகால் லேசாக எழும்பி, முன்பாதம் தரையைப் பின்னுக்குத் தள்ளணும். அந்தத் தள்ளல் இல்லாதவங்கதான் வலது முழங்காலை உயரத் தூக்கி, நின்ற இடத்திலேயே மிதிக்கிறாங்க. கால் முந்துவதும் குதிகால் வலியும் அதனால்தான். வலது பாதம் தரையை ஒட்டியே போகட்டும், விரல்கள் மேலே நிமிரக் கூடாது, உள்ளங்கால் முழுக்க ஒரே சமயத்தில் பதியணும். பதிந்த உடனே இடது காலை இழுத்துக்குங்க. அது பின்னாலேயே கிடந்தால் அடுத்த அடிக்கு வழியில்லை.

கொஞ்ச நாளைக்கு ஃபுமிகோமியே, அதாவது பாய்ந்து மிதிக்கும் அடியே, வேண்டாம். சுரியாஷியில், பாதம் தேய்த்து நகர்ந்தபடி பெரிய மென் அடிங்க. ரெண்டும் சேர்ந்து வந்த பிறகு தூரத்தைக் கூட்டுங்க. மிதி தானாகவே வரும்.

பதில் 2:
குரலைப் பற்றி மட்டும் சொல்றேன். அடிக்கு முன்னால் எழுப்பும் கியாயிலேயே (கத்தலிலேயே) மூச்சு மொத்தமும் தீர்ந்துவிடுகிறதா பாருங்க. ஷினாய் படும் கணத்தில் 'மெ' வெடிக்கணும், எதிராளியைத் தாண்டி ஓடும்போது அதே மூச்சு நீளணும். நடுவில் மூச்சு இழுத்தால் தோள் ஏறும், அடியும் பிந்தும். போட்டியில் மூணு நடுவர்களில் ரெண்டு பேராவது கொடி தூக்கினால்தான் புள்ளி. குரலும் காலும் பிரிந்துபோன அடிக்கு, தலையில் சரியாகவே பட்டிருந்தாலும், பெரும்பாலும் கொடி ஏறாது.

கேட்டவர்:
ரொம்ப நன்றிங்க. வீடியோ பார்த்தேன், நீங்க சொன்ன மாதிரியேதான், கால் பாதி தூரம் போன பிறகுதான் கை கிளம்புகிறது. சுரியாஷியில் ரெண்டும் ஒன்றாக விழுகிறது. கொதே (மணிக்கட்டு அடி) அடிக்கும்போது மட்டும் மறுபடி பிரிகிறது.

பதில் 1:
கொதேக்குத் தூரம் குறைவு, அதனால் பாய்ச்சலும் குட்டையாக இருக்கணும். மென்னுக்குப் போகும் அளவு பாயாதீங்க. குதிகால் வலி ஆறும் வரைக்கும் மிதிக்கவே வேண்டாம், சென்செய்யிடம் (ஆசிரியரிடம்) சொல்லிடுங்க.