தட்டணு 2.6 லட்சம், ஆனாலும் இரத்தம் நிற்கவில்லை: காது குத்தலாமா?

மேலூர்த் தாய்:
மகளுக்கு மூன்று வயது. போன வாரம் திண்ணையிலிருந்து விழுந்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். சாயங்காலம் கசியத் தொடங்கிய இரத்தம் மறுநாள் மதியம்வரை நிற்கவில்லை. மூக்கிலும் அடிக்கடி வரும். உடல் சூடு என்று இளநீர் கொடுத்து வந்தோம். தூக்கிப் பிடித்த இடமெல்லாம் கன்றிப்போகிறது. பரிசோதித்ததில் தட்டணு (இரத்தத்தை உறையவைக்கும் பிளேட்லெட்) 2.6 லட்சம். எண்ணிக்கை சரி, பயம் வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். ஆவணியில் அழகர்கோவிலில் மொட்டையும் காதுகுத்தும். என் தம்பி மடியில் உட்காரவைத்துக் குத்த வேண்டும், பத்திரிகை அடித்தாயிற்று. குத்தலாமா? என் கணவர் எனக்குத் தாய்மாமன். அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

ஆய்வகத்துக்காரர், மதுரை:
இப்போது குத்தாதீர்கள் அம்மா.

22 ஆண்டுகளாக இரத்தப் பரிசோதனைதான் என் வேலை. ஒரு மைக்ரோலிட்டருக்கு 1.5 முதல் 4.5 லட்சம்வரை இயல்பு. டெங்கு வந்தபிறகு ஊரே அந்த எண்ணை மனப்பாடம் செய்துவிட்டது. எண் சரியென்றால் எல்லாம் சரி என்று யாராவது சொன்னால் எனக்கு ஆத்திரம் வருகிறது. இயந்திரம் எண்ணும், அவ்வளவுதான். தட்டணு வேலை செய்கிறதா என்று அது பார்ப்பதில்லை.

மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் மல்லிகையைக் குவித்திருப்பார்கள். காம்பு இருந்தால்தானே நாரில் தொடுக்க முடியும்? காயத்தில் தட்டணுதான் பூ. இரத்தத்தில் உள்ள ஃபைப்ரினோஜன் என்ற புரதம்தான் நார். தட்டணுவின் மேலுள்ள வேறொரு புரதம்தான் காம்பு. பிறவியிலேயே அந்தக் காம்புப் புரதம் இல்லாமலோ பழுதாகவோ இருந்தால் பூ குவிந்துகிடக்கும், சரம் வராது. 1918-இல் சுவிட்சர்லாந்தின் குழந்தை மருத்துவர் க்ளான்ஸ்மான் விவரித்த நோய் இது. அவர் பெயரிலேயே வழங்குகிறது.

உங்கள் மகளுக்கு அதுதான் என்று நான் சொல்லவில்லை. இரத்தம் உறைய உதவும் இன்னொரு புரதம் குறையும் வான் வில்லிபிராண்ட் குறைபாட்டிலும் எண்ணிக்கை சரியாக இருந்தே இரத்தம் கசியும். விரல் நுனியில் எடுத்த இரத்தத்தை உடனே கண்ணாடித் தகட்டில் இழுத்து நுண்ணோக்கியில் பார்க்கச் சொல்லுங்கள். தட்டணுக்கள் கூட்டம் கூட்டமாக ஒட்டியிருக்க வேண்டும். ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கிடந்தால் சந்தேகம் வலுக்கும். உறுதிசெய்ய, தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரள்கின்றனவா என்று பார்க்கும் தட்டணுத் திரள் பரிசோதனை வேண்டும். எடுத்த சில மணி நேரத்துக்குள் செய்ய வேண்டியது அது, அதனால் குழந்தையையே அங்கே கொண்டுபோக வேண்டும். வேலூர் சி.எம்.சி. போல இரத்தவியல் பிரிவு உள்ள இடமாகப் பாருங்கள்.

அதுவரை ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன் கூடாது. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும். தசையில் ஊசி போடுமுன் இரத்தம் நிற்பதில்லை என்று சொல்லிவிடுங்கள்.

சொந்தத்தில் திருமணம் பற்றிக் கேட்டீர்கள். க்ளான்ஸ்மான் நோய் வர, பழுதான மரபணு அம்மா அப்பா இருவரிடமிருந்தும் வர வேண்டும். நெருங்கிய உறவில் அது இருவரிடமும் இருக்க வாய்ப்பு அதிகம். இருவரும் சுமந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு வாய்ப்பு. யார் குற்றமும் இல்லை. வீட்டில் யாரும் உங்களைக் குறைசொல்ல விடாதீர்கள்.

உசிலம்பட்டித் தகப்பன்:
தங்கச்சி, என் மகனுக்கு அந்த நோய்தான். இப்போது 11 வயது, பள்ளிக்குப் போகிறான், மென்மையான பிரஷ்ஷில் பல் தேய்க்கிறான். ஈறு கசிந்தால் டாக்டர் எழுதிக்கொடுத்த டிரானெக்சாமிக் அமிலம் (உறைந்த இரத்தம் கரையாமல் காக்கும் மருந்து) கொடுக்கிறோம். கசிவுக்கெல்லாம் தட்டணு ஏற்றச் சொல்லாதீர்கள். ஏற்ற ஏற்ற உடல் அதற்கு எதிர்ப்பொருள் உண்டாக்கிவிடலாம், பிறகு நிஜமான அவசரத்தில் பலிக்காமல் போகும். மூக்கில் வந்தால் அண்ணாந்து படுக்கவைக்காமல் முன்னே குனியவைத்து, மூக்கின் மென்பகுதியைப் பத்து நிமிடம் விடாமல் பிடியுங்கள்.

மேலூர்த் தாய்:
அண்ணனுக்கும் ஐயாவுக்கும் நன்றி. மாமியாரிடம் இதை வாசித்துக் காட்டினேன். மொட்டை வேண்டுமா என்று அவரே கேட்டார், கத்தி பட்டுவிடுமோ என்று. இரண்டையும் தள்ளிவைத்துவிட்டோம். திங்கட்கிழமை வேலூருக்கு டிக்கெட் எடுத்திருக்கிறோம், தம்பியும் கூட வருகிறான்.