9 புள்ளி இடைவெளி: மெக்லாரனின் வேகத்துக்கு டயர் சூடுதான் காரணமா?

கேள்வி (கோத்தகிரியிலிருந்து, ஆகஸ்ட் 2025)

அனைவருக்கும் வணக்கம். 2005-ஆம் ஆண்டு, கோயம்புத்தூரில் வளர்ந்த நரேன் கார்த்திகேயன் ஜோர்டான் அணியின் காரை ஓட்டத் தொடங்கிய காலத்திலிருந்து ஃபார்முலா ஒன் பந்தயங்களைப் பார்த்துவருகிறேன். 2025-ஆம் ஆண்டுக்கான 24 பந்தயங்களில் 14 முடிந்து ஆகஸ்ட் விடுமுறை தொடங்கியிருக்கிறது. மெக்லாரன் அணியின் ஆஸ்கர் பியாஸ்ட்ரி 284 புள்ளிகளுடனும் அதே அணியின் லாண்டோ நாரிஸ் 275 புள்ளிகளுடனும் முன்னணியில் இருக்க, கடந்த நான்கு ஆண்டுகளாகப் பட்டத்தை விட்டுக்கொடுக்காத ரெட் புல் அணியின் மேக்ஸ் வெர்ஸ்டாப்பன் 187 புள்ளிகளுடன் மூன்றாம் இடத்தில் இருக்கிறார். 14 பந்தயங்களில் 11-ஐ மெக்லாரன் வென்றுவிட்டது. அவற்றில் ஏழில் முதல் இரண்டு இடங்களும் அந்த அணிக்கே கிடைத்தன.

எனக்குப் புரியாதது ஒன்று உண்டு. பந்தயத்தில் புறப்படும் வரிசையை முடிவு செய்யும் சனிக்கிழமை தகுதிச் சுற்றில் மற்ற கார்களுக்கும் மெக்லாரனுக்கும் பெரிய வித்தியாசம் தெரிவதில்லை. சுஸுகா, ஜெட்டா, இமோலா ஆகிய இடங்களில் பந்தயத்தை வென்றவர் யாராக இருந்தாலும், முதலிடத்தில் நின்று புறப்படும் உரிமையை வெர்ஸ்டாப்பனோ பியாஸ்ட்ரியோ மயிரிழையில்தான் பெற்றார்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பத்துப் பதினைந்து சுற்றுகள் கழிந்ததும் மெக்லாரன் தனியே பிரிந்து போய்விடுகிறது. மயாமியில் மூன்றாவதாக வந்த மெர்சிடிஸ் அணியின் ஜார்ஜ் ரஸ்ஸல் 37 வினாடிகளுக்கும் மேல் பின்தங்கியிருந்தார். கேட்டால், “பின்புற டயர் சூடாகாமல் பார்த்துக்கொள்கிறார்கள்” என்கிறார்கள். அந்தச் சூடு எங்கிருந்து வருகிறது, அது ஏன் இவ்வளவு பெரிய வித்தியாசத்தை உண்டாக்குகிறது, மீதமுள்ள 10 பந்தயங்களிலும் இந்த அனுகூலம் நீடிக்குமா என்பதை விளக்க முடிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் 1 (குன்னூரிலிருந்து)

ஐயா, வணக்கம். நான் தேயிலைத் தூள் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும் லாரி ஓட்டுநர். உங்கள் கேள்வியின் முதல் பாதிக்கு என் தொழிலிலிருந்தே பதில் சொல்ல முடியும். புதிதாகப் பழகும் ஓட்டுநர் ஒருவர், கியரைக் குறைத்து இறக்காமல் வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால், பர்லியாறு வருவதற்குள் பின் சக்கரத்திலிருந்து கருகிய வாடை வந்துவிடும். வண்டியை நிறுத்திவிட்டுக் கையைச் சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளிப் பிடித்தாலே அனல் அடிக்கும். அந்த நேரத்தில் சூடாகியிருப்பது பிரேக் டிரம் மட்டுமல்ல. டிரம்மின் சூடு டிஸ்க்குக்கு ஏறி, டிஸ்க்கிலிருந்து டயருக்கும் அதனுள் இருக்கும் காற்றுக்கும் போய்விடுகிறது. (நாங்கள் டிஸ்க் என்று சொல்வது டயர் மாட்டியிருக்கும் இரும்பு வளையத்தை.)

பந்தயக் காரிலும் நடப்பது இதுதான். அங்கே கார்பனால் ஆன பிரேக் தட்டுகள் 1000 டிகிரி செல்சியஸ் வரை சூடாகின்றன. அவை சக்கரத்தின் உட்புறத்தில் அடைபட்டு இருப்பதால் வெப்பம் வெளியேற வழியில்லாவிட்டால் ரப்பருக்குத்தான் போகும். ரப்பர் அளவுக்கு மேல் சூடானால் பிடிமானம் குறையும். பிடிமானம் குறைந்த சக்கரம் வழுக்கும். வழுக்கினால் உராய்வில் மேலும் சூடு ஏறும். ஒரு சுற்று மட்டும் ஓடும் தகுதிச் சுற்றில் இந்தச் சுழல் தொடங்குவதற்குள் வேலை முடிந்துவிடுகிறது. பதினைந்தாவது சுற்றில்தான் அதன் விலை தெரியும். மெக்லாரன் பொறியாளர்கள் பிரேக்கைச் சுற்றியுள்ள காற்றுக் குழாய்களை வடிவமைத்த விதத்தில் இந்த வெப்பத்தை டயருக்குப் போகவிடாமல் வெளியே திருப்புகிறார்கள் என்றுதான் போட்டி அணிகள் கருதுகின்றன. மயாமிக்குப் பிறகு, பந்தயங்களை நிர்வகிக்கும் சர்வதேச அமைப்பான எஃப்ஐஏ பரிசோதித்து, விதிமீறல் எதுவும் இல்லை என்றும் முடிவாகிவிட்டது. நேர்மையான வேலைப்பாடு அது. எனக்கு மிகுந்த மரியாதை உண்டு.

பதில் 2 (உதகமண்டலத்திலிருந்து)

குன்னூர் நண்பரின் விளக்கம் மிகத் தெளிவாக இருந்தது. ஆனால் இந்த அனுகூலம் எல்லா இடத்திலும் ஒரே அளவில் கிடைக்கும் என்று நான் நினைக்கவில்லை. சூட்டைக் குறைப்பதில் வல்லமை உள்ள காருக்குச் சூடே இல்லாத இடத்தில் என்ன லாபம்? கடந்த ஆண்டு நவம்பர் இரவுக் குளிரில் லாஸ் வேகஸில் மெர்சிடிஸ் முதல் இரண்டு இடங்களைப் பிடித்தபோது நாரிஸ் ஆறாவதாகவும் பியாஸ்ட்ரி ஏழாவதாகவும்தான் வந்தார்கள். இந்த ஆண்டும் அந்தப் பந்தயம் நவம்பரில்தான் நடக்கிறது.

அக்டோபர் 26 அன்று நடக்கவிருக்கும் மெக்ஸிகோ பந்தயத்தை நான் தனியாகக் குறித்துவைத்திருக்கிறேன். அந்த நகரம் ஏறத்தாழ நம் ஊட்டியின் உயரத்தில், கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கும் மேல் இருக்கிறது. இங்கே தண்ணீர் 100 டிகிரிக்கு முன்பே கொதித்துவிடுவதால் குக்கர் இல்லாமல் பருப்பு வேகவைப்பது எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பது நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். அதே மெல்லிய காற்றுதான் அங்கே காருக்குள்ளும் நுழைகிறது. காற்றின் அடர்த்தி சமவெளியைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு என்பதால், மோனக்கோவில் மாட்டும் பெரிய இறக்கைகளை மாட்டினாலும் மிகச் சிறிய இறக்கைகளோடு ஓடும் மோன்ஸாவில் கிடைக்கும் அளவுக்குத்தான் காரைச் சாலையோடு அழுத்தும் கீழ்நோக்கிய அழுத்தம் கிடைக்கும். இன்ஜினின் குறையை, காற்றை அழுத்தி உள்ளே செலுத்தும் டர்போ ஓரளவு ஈடுகட்டிவிடும். பிரேக்கைக் குளிரவைக்க வரும் காற்றின் குறையை ஈடுகட்ட அப்படி ஒரு டர்போ இல்லை. எனவே மெக்லாரனின் வேலைப்பாடு உண்மையிலேயே எவ்வளவு உயர்ந்தது என்பதற்கு மெக்ஸிகோதான் உரைகல் என்பது என் கருத்து.

பதில் 3 (கொடைக்கானலிலிருந்து)

காரைப் பற்றி இருவரும் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் முதல் இரண்டு பேரும் ஒரே காரை ஓட்டும்போது, பட்டம் யாருக்கு என்பதைக் கார் முடிவு செய்யாது. ஆகஸ்ட் 3 அன்று ஹங்கேரியில் நடந்ததைப் பாருங்கள். மூன்றாம் இடத்திலிருந்து புறப்பட்ட நாரிஸ் முதல் சுற்றிலேயே ஐந்தாம் இடத்துக்குத் தள்ளப்பட்டார். வேறு வழியில்லாத நிலையில் ஒரே ஒரு முறை டயர் மாற்றுவது என்று துணிந்து, 31-ஆவது சுற்றில் மாட்டிய கடின ரப்பர் டயரோடு மீதி 39 சுற்றுகளையும் ஓட்டினார். இரண்டு முறை டயர் மாற்றிய பியாஸ்ட்ரி கடைசிச் சுற்றுகளில் புதிய ரப்பருடன் நெருங்கி வந்தார். 69-ஆவது சுற்றின் முதல் வளைவில் உள்ளே நுழைய முயன்றபோது அவருடைய முன் சக்கரம் பூட்டிக்கொண்டு புகை கிளம்பியது. முன்னால் போன காரை நூலிழையில் இடிக்காமல் தப்பினார். முடிவில் 0.698 வினாடி வித்தியாசம். மழைச்சாரலும் மூடுபனியும் சூழ்ந்த அந்த மாலையில் என் தந்தையும் நானும் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டோம்.

பழைய டயரில் 39 சுற்றுகள் ஓட்டும் பொறுமை நாரிஸிடம் இருக்கிறது. ஆனால் கனடாவில் பியாஸ்ட்ரியின் காரைப் பின்னாலிருந்து இடித்து, புள்ளியே இல்லாமல் வெளியேறியவரும் அவரே. தவறு தன்னுடையது என்று அவர் உடனே ஒப்புக்கொண்டது பாராட்டத்தக்கது. போன புள்ளிகள் போனவைதான். பியாஸ்ட்ரி சில்வர்ஸ்டோனில், ஆபத்து நேரத்தில் கார்களை மெதுவாக நடத்திச் செல்லும் பாதுகாப்புக் காருக்குப் பின்னால் பிரேக் பிடித்த விதத்துக்காக 10 வினாடித் தண்டனை பெற்று வெற்றியை இழந்தும், அடுத்த பந்தயத்தில் பெல்ஜியத்தின் ஈர வீதியில் நாரிஸை முந்திச் சென்று வென்றார். மனம் கலங்காத அந்தக் குணத்துக்காக என் கணிப்பு பியாஸ்ட்ரியின் பக்கம்.

வெர்ஸ்டாப்பனை நான் கணக்கிலிருந்து நீக்கவில்லை. ரெட் புல் அணியின் 194 புள்ளிகளில் 187 அவர் ஒருவர் சேர்த்தவை. ஸ்பிரின்ட் எனப்படும் மூன்று குறுந்தூரப் போட்டிகளையும் சேர்த்து ஒருவர் அதிகபட்சமாகப் பெறக்கூடிய புள்ளிகள் இன்னும் 274 இருக்கின்றன. அவருடைய பின்னடைவு 97.

கேள்வி கேட்டவர் (கோத்தகிரியிலிருந்து)

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. லாரிச் சக்கரத்தின் உதாரணம் இத்தனை நாள் குழப்பத்தைத் தீர்த்துவைத்தது. ஆகஸ்ட் 31 அன்று நெதர்லாந்தின் சாண்ட்வோர்ட்டில் 72 சுற்றுகள். கடந்த ஆண்டு அங்கே நாரிஸ் 22 வினாடிகளுக்கும் மேல் முன்னால் வந்து வென்றார். இம்முறை மெக்லாரன், ரெட் புல் இரண்டு அணிகளின் சுற்று நேரங்களையும் நோட்டில் எழுதிவைத்து, இடைவெளி எந்தச் சுற்றில் விரியத் தொடங்குகிறது என்று பார்க்கப்போகிறேன். குன்னூர் அண்ணா, முதல் டயர் மாற்றத்துக்கு முந்தைய சுற்றுகளை மட்டும் எடுத்துக்கொண்டால் போதுமா, அல்லது எரிபொருள் குறைந்து கார் இலேசாகும் கடைசிச் சுற்றுகளையும் சேர்க்க வேண்டுமா?