எல்இடி மாத்தியும் கரண்ட் பில் குறையல, யாராவது சொல்லுங்க

ஜவுளி தம்பி:
அவசரம் ப்ளீஸ். கடைல இருந்த 60 டியூப்லைட்டையும் தூக்கிட்டு 20 வாட் எல்இடி போட்டாச்சு, பில்லு பாதியாயிடும்னு எலக்ட்ரீஷியன் சொன்னத நம்பித்தான் அப்பாகிட்ட காசு வாங்குனேன், இப்ப ரீடிங் எடுத்துட்டு போனாங்க, போன தடவைய விட ஜாஸ்தி வந்திருக்கு. அப்பா பேசவே மாட்டேங்குறாரு. மீட்டர்ல கோளாறா? இன்னொண்ணு, சுவிட்ச ஆஃப் பண்ணாலும் சில லைட்டு லேசா மினுங்குது, அதுல கரண்ட் போகுமா?

ஒயர்மேன் அண்ணன்:
சோக்க கழட்டுனாங்களா இல்லையா, முதல்ல அத சொல்லுங்க. பழைய பட்டிலயே எல்இடி டியூப்ப மாட்டி, ஸ்டார்ட்டர மட்டும் புடுங்கிட்டு, சோக்க லைன்லயே விட்டுட்டு போயிடுறானுங்க. நூத்துக்கு தொண்ணூறு இதான் கேஸு.

கணக்கு வாத்தியார்:
கேள்வி கேக்கவும் ஒரு முறை இருக்கு தம்பி. "ஜாஸ்தி"ன்னா ரூபாயா யூனிட்டா? எந்த ரெண்டு மாச பில்ல எந்த ரெண்டு மாசத்தோட ஒப்பிட்டீங்க? கடை எத்தன மணி நேரம்? ஏசி உண்டா? இதுல ஒண்ணுகூட எழுதாம மீட்டர் மேல பழி. மீட்டருக்கு வாய் இருந்தா அழுதுரும். இந்த ஃபோரத்துலயே இதே விஷயத்த நான் பல தடவ விளக்கியாச்சு, தேடிப் படிக்கிற பழக்கம் யாருக்கும் கிடையாது.

சோலார் பிரியன்:
லைட்ட மாத்தி எவ்வளவு மிச்சம் பண்ணிடுவீங்க ப்ரோ. மாடில பேனல் போடுங்க, பகல் முழுக்க ஏசி ஓடுற கடைக்கு அதான் கரெக்ட்.

ஜவுளி தம்பி:
சார் மாடி ஓனரோடது, ஒரு செடித்தொட்டி வைக்கவே விடமாட்டாரு. ஒயர்மேன் அண்ணா, சோக்கெல்லாம் இல்ல, பழைய செட்ட மொத்தமா எடுத்துட்டு புது ஃபிட்டிங்கே போட்டது. கடை காலைல பத்துல இருந்து ராத்திரி எட்டு. லைட்டு மாத்துனது பிப்ரவரி கடைசி. ஏசி இருக்கு.

ஃபேன்சி ஸ்டோர் அக்கா:
தம்பி, ஜனவரி பிப்ரவரி பில்லோட மார்ச் ஏப்ரல் பில்ல வச்சு பாத்தா எப்படிப்பா. பனிக்காலத்துல ஏசி போட்டிருக்கவே மாட்டீங்க. போன வருஷம் இதே மார்ச் ஏப்ரல்ல எத்தன யூனிட் ஓடுச்சுன்னு பாரு, ஈபி ஆப்ல பழைய கணக்கெல்லாம் காட்டும். ரூபாய பாக்காத, ரேட்டு நடுவுல ஏறிருக்கும். அப்புறம் ஃபிக்ஸட் சார்ஜ் சாங்ஷன் லோடுக்குத்தான், அதான் இவ்வளவு வரைக்கும் இழுப்போம்னு ஈபில வாங்கி வச்ச அளவுக்குத்தான் போடுவாங்க, லைட்ட மாத்திட்டோம்ங்கறதுக்காக அது தானா குறையாது, லோட குறைக்கச் சொல்லி எழுதிக் குடுத்தாத்தான்.

ஒயர்மேன் அண்ணன்:
அக்கா சொல்றது சரி, ஆனா குறைஞ்சாகணும். பழைய 40 வாட் டியூப்பும் காப்பர் சோக்கும் சேந்து 52 வாட் இழுக்கும். புதுசு 20. லைட்டுக்கு 32 வாட் மிச்சம், 60 லைட்டுக்கு 1,920 வாட். ஒரு நாளைக்கு பத்து மணி நேரம், 60 நாள்னா 1,152 யூனிட். இவ்வளவையும் ஏசி முழுங்கிடுச்சா? நம்ப மாட்டேன். அந்த 20 வாட்டே பொய்யா இருக்கும், லோக்கல் மால். ஒயர கவ்விப் புடிச்சு அளக்குற கிளாம்ப் மீட்டர் வச்சு பாருங்க.

பழைய எலக்ட்ரிகல்ஸ்:
கிளாம்ப் மீட்டர் காட்டுறது ஆம்பியர் மட்டும்தான். மட்டமான எல்இடில பவர் ஃபேக்டர், அதான் ஆம்பியர வோல்ட்டால பெருக்குனதுல நிஜ வாட்டா இருக்குற பங்கு, 0.5 கிட்ட இருக்கும், அதுல ஆம்பியர வோல்ட்டால பெருக்குனா வாட்டு டபுளா தெரியும், அத நம்பி கடைக்காரன்கிட்ட சண்டைக்கு போயிடாதீங்க. தம்பி, கழட்டுன டியூப் குண்டா ஒல்லியா?

ஜவுளி தம்பி:
ஒல்லிதான் சார், விரல் தண்டி. 28ன்னு போட்டிருந்துச்சு.

பழைய எலக்ட்ரிகல்ஸ்:
அப்ப இது டி5. எலக்ட்ரானிக் சோக்கோட சேத்தே 31 வாட் சுமாருக்குத்தான் வரும். லைட்டுக்கு 11 வாட்தான் மிச்சம், 60 லைட்டுக்கு ரெண்டு மாசத்துல 400 யூனிட்டுக்கும் கொஞ்சம் கம்மி. பாதியாகும்னு சொன்ன ஆளு குண்டு டியூப்ப மனசுல வச்சு சொல்லிருக்காரு. சரி, ஷோகேஸ்லயும் பொம்மைக்கு மேலயும் என்ன லைட்டு?

ஜவுளி தம்பி:
அதெல்லாம் சீலிங்ல பதிச்ச குட்டி குட்டி ஸ்பாட் லைட்டு, மஞ்சளா எரியும், தொட்டா கை பொசுங்கிடும். 24 இருக்கு. அத மாத்தல, பட்டுக்கு அதுதான் எடுப்பா இருக்கும்னு அப்பா சொல்லிட்டாரு.

பழைய எலக்ட்ரிகல்ஸ்:
மாட்டுச்சு. அது ஹாலஜன், ஒண்ணு 50 வாட். 24க்கு 1,200 வாட், ரெண்டு மாசத்துக்கு 720 யூனிட். அதையே 7 வாட் எல்இடி ஸ்பாட்டா மாத்துனா 100 யூனிட்டுல முடிஞ்சிடும். 60 லைட்ட மாத்தி மிச்சம் பண்ணத விட இந்த 24ல ஜாஸ்தி. அது மட்டுமா, அந்த ஆயிரம் வாட்டு சூட்டையும் உங்க ஏசிதான் வெளிய தள்ளிட்டு இருக்கு, அதுக்கே ஏசி 300 வாட் கிட்ட தனியா திங்கும்.
மாத்தும்போது ஒண்ணு கவனிங்க. பழசுக்கு மேல 12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். அதுலயே எல்இடிய சொருகுனா லோடு பத்தாம விட்டு விட்டு எரியும். டிரான்ஸ்ஃபார்மர எடுத்துட்டு நேரா 230 வோல்ட்ல ஓடுற ஜியு10 போடுங்க, ஹோல்டரும் மாறும்.

கணக்கு வாத்தியார்:
இதத்தான் நான் முதல்லயே கேட்டேன்.

ஃபேன்சி ஸ்டோர் அக்கா:
எங்க சார் கேட்டீங்க? ஏசி உண்டான்னு கேட்டீங்க.

கணக்கு வாத்தியார்:
சரிம்மா. எல்இடில பட்டோட நிறமே தெரியாது, அரக்கு தவிட்டு நிறமா தெரியும். தம்பியோட அப்பா அனுபவஸ்தர், அவர் பேச்ச கேக்கட்டும்.

ஃபேன்சி ஸ்டோர் அக்கா:
வெறும் 6500 கெல்வின் வெள்ளைய வாங்கி மாட்டுனா தெரியாதுதான். பெட்டில சிஆர்ஐ, அதான் நிறத்த எவ்வளவு சரியா காட்டுதுங்கற அளவு, 90க்கு மேலன்னு போட்டத, 3000 இல்லாட்டி 4000 கெல்வின்ல வாங்கணும், கெல்வின் குறைய குறைய வெளிச்சம் மஞ்சளா இருக்கும். என் கடைல வளையலுக்கு அதான் இருக்கு, பச்சை பச்சையாத்தான் தெரியுது.

கணக்கு வாத்தியார்:
வளையலும் பட்டும் ஒண்ணா? காஞ்சிபுரத்து ஜரிகைக்கு மஞ்சள் வெளிச்சம் வேணும்.

சோலார் பிரியன்:
எந்த லைட்ட போட்டாலும் பொம்பளைங்க புடவைய வாசலுக்கு தூக்கிட்டு போய் வெயில்ல பாத்துட்டுத்தான் எடுப்பாங்க. சூரியன்தான் பெஸ்ட், நான் அதத்தான் சொல்றேன்.

ஃபேன்சி ஸ்டோர் அக்கா:
ராத்திரி ஏழு மணிக்கு எந்த வெயில்ல பாக்குறது?

ஒயர்மேன் அண்ணன்:
நீங்க கலர் சண்டைய அப்புறம் வச்சுக்கங்க. அந்த மினுங்குறத யாரும் பாக்கலயே. தம்பி, அதுல யூனிட் ஒண்ணும் பெருசா ஓடாது, ஆனா விஷயம் வேற. சுவிட்ச் நியூட்ரல கட் பண்ணுது போல, பேஸ், அதான் கரண்ட் வர்ற ஒயர், லைட்டுலயே நிக்குது. பழைய டியூப் அதக் காட்டிக் குடுக்காது, எல்இடி காட்டிடும். சிவப்பு இண்டிகேட்டர் வச்ச சுவிட்சா இருந்தாலும் மினுங்கும், அதுக்கு பயப்பட வேண்டாம். ஆனா நியூட்ரலா இருந்தா, சுவிட்ச் ஆஃப்தானேன்னு எவனாவது ஏணில ஏறி ஃபிட்டிங்ல கை வச்சான்னா அடிச்சிடும். ஆஃப் பண்ணிட்டு லைட்டு பாயிண்ட்ல டெஸ்டர் வச்சு பாக்கச் சொல்லுங்க, எரிஞ்சா போர்டுல பேஸையும் நியூட்ரலையும் மாத்தணும். அது வரைக்கும் மெயின ஆஃப் பண்ணாம யாரும் தொடாதீங்க. ஸ்பாட்ட மாத்துறதுக்கு முன்னாடி இத முடிங்க.

பழைய எலக்ட்ரிகல்ஸ்:
ஆமா, இது அவசரம்.

ஜவுளி தம்பி:
நியூட்ரல்தான் அண்ணா, ரெண்டு போர்டுல மாறி இருந்துச்சு, சரி பண்ணியாச்சு, மினுங்கல. போன வருஷம் மார்ச் ஏப்ரல்ல 4,310 யூனிட், இப்ப 3,940. ஷோகேஸ்ல மட்டும் நாலு ஸ்பாட் சிஆர்ஐ 90 வாங்கி மாட்டி வச்சிருக்கேன், அப்பா இன்னும் ஒண்ணும் சொல்லல. எல்லாருக்கும் நன்றி, கடைல கூட்டம்.

பழைய எலக்ட்ரிகல்ஸ்:
370 குறைஞ்சிருக்கு. டி5 கணக்கு சரிதான்.

ஃபேன்சி ஸ்டோர் அக்கா:
தம்பி அந்த ஸ்பாட்டு ஒண்ணு என்ன விலை ஆச்சு?

தையல் மெஷின்:
எனக்கும் இதே ப்ராப்ளம். 8 மெஷின் இருக்கு, பில்லு ஜாஸ்தி வருது, என்ன பண்ணலாம்?

கணக்கு வாத்தியார்:
கேள்வி கேக்கவும் ஒரு முறை இருக்கு.