வாழைப்பழத்துக்குள் மாத்திரை

தம்பிக்கு 43 வயது. அறிவுசார் குறைபாடு, கூடவே வலிப்பும் உண்டு. இருந்தவரை அவனுக்கு எல்லாமே அம்மாதான். போன ஐப்பசியில் அம்மா திடீரென்று போய்விட்டார். காரியம் முடிந்த கையோடு தம்பியை எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்தேன்.

மாத்திரையைத் தண்ணீரோடு கொடுத்தோம். வாயைத் துடைத்துக்கொண்டு நகர்ந்துவிடுவான். விழுங்கிவிட்டான் என்றே நினைத்தோம். நான்காம் நாள் காலை குளியலறை வாசலில் வலிப்பு வந்து விழுந்தான். சாயங்காலம் பெருக்கும்போது கட்டிலுக்கு அடியில் ஐந்து மாத்திரைகள். அம்மா வீட்டுத் தெருவில் பூ விற்கும் அக்காவிடம் போனில் அழுதேன். "வாழைப்பழத்துக்குள்ள வச்சுல்ல குடுப்பாங்க, உனக்குத் தெரியாதா?" என்றார். கூடப்பிறந்த எனக்குத் தெரியவில்லை.

அன்றைக்கே ஒரு நோட்டு போட்டேன். இடி இடித்தால் பீரோவுக்குப் பின்னால் போவான். இழுக்கக் கூடாது, பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். சட்டைப் பொத்தானைக் கீழிருந்து மேலேதான் போடுவான். அவசரப்படுத்தினால் கழற்றிவிட்டு முதலிலிருந்து தொடங்குவான். ஆறு மணியானால் ஏன் அடுக்களை வாசலில் வந்து நிற்கிறான் என்று பத்து நாள் புரியவில்லை. அம்மா விளக்கேற்றும்போது தீப்பெட்டி எடுத்துத் தருவது அவன் வேலையாம். இப்போது எனக்கு எடுத்துத் தருகிறான்.

அப்புறம் காகித வேலை. 18 வயது முடிந்துவிட்டால் பெற்றவர்களே ஆனாலும் தானாகச் சட்டப்பூர்வ பாதுகாவலர் ஆக முடியாது. 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்ட ஆட்சியர் இருக்கும் உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பித்துச் சான்றிதழ் வாங்க வேண்டும். அம்மா வாங்கவில்லை. தம்பியின் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை கணக்கிலேயே கிடந்தது. எடுக்க வழியில்லாமல் ஏழு மாதம் அலைந்தேன். அம்மா இருக்கும்போதே இதையெல்லாம் கேட்டு வைத்திருக்க வேண்டியவள் நான். உங்கள் வீட்டில் அம்மா இருந்தால் இன்றைக்கே பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதுங்கள்.

பதில்:

அக்கா, என் மகளுக்கு 26. மாதம் ஒரு சனிக்கிழமை இரவு அவள் சித்தி வீட்டில் படுத்துப் பழகட்டும் என்று விடுகிறோம். முதல் தடவை பதினோரு மணிக்கே போய்க் கூட்டிவர வேண்டியதாயிற்று. இப்போது தலையணையைத் தானே எடுத்துக்கொண்டு கிளம்புகிறாள். அதனால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைத்திருந்தேன். நீங்கள் எழுதியதைப் படித்ததும் தங்கைக்குப் போன் போட்டேன். கசப்பு மருந்தென்றால் கூடவே தேன் வேண்டும் என்பது அவளுக்கும் தெரிந்திருக்கவில்லை.