புதுப்பிப்பு: வீட்டைக் காலி செய்யும் நாளும் முன்பணமும்

வாடகை வீட்டை விடும்போது முன்பணத்தைத் திரும்பப் பெற, காலி செய்வதை எழுத்தில் தெரிவிப்பது, ஒவ்வோர் அறையையும் படமெடுப்பது பற்றி முந்தைய பதிவில் எழுதியிருந்தேன். விட்டுப்போன பகுதி இது: சாவி கைமாறும் நாள்.

சாமான்களை ஏற்றிய பிறகு, மின் இணைப்பு இருக்கும்போதே, பகல் வெளிச்சத்தில் உரிமையாளரோடு சேர்ந்து வீட்டைச் சுற்றிப் பாருங்கள். பலர் மின்சாரத்தை முதலிலேயே துண்டித்துவிடுகிறார்கள். அப்புறம் மின்விசிறி ஓடியதா, வெந்நீர்க் கருவி வேலை செய்ததா என்று யாராலும் நிரூபிக்க முடியாது. பார்த்ததை அங்கேயே ஒரு தாளில் எழுதி இரண்டு பிரதிகளிலும் இருவரும் கையெழுத்திடுங்கள்: தேதி, மீட்டர் அளவு, சாவிகளின் எண்ணிக்கை, இருக்கும் பழுதுகள், திரும்ப வரவேண்டிய தொகை, அது எந்தத் தேதிக்குள் என்பது.

சண்டை பெரும்பாலும் பெயின்டில்தான். வெயிலில் மங்கிய சுவர் இயல்பான தேய்மானம். ஆணி பிடுங்கிய இடத்தில் பெயர்ந்த பூச்சு சேதம். சேதமே என்றாலும் முழுச் செலவையும் ஏற்க வேண்டியதில்லை என்று வாதிடலாம். 5 ஆண்டு உழைக்கும் பெயின்ட் அடித்து 3 ஆண்டு ஆகியிருந்தால், மிச்சம் 2 ஆண்டுக்கான பங்கு, அதாவது ஐந்தில் இரண்டு பங்கு, நியாயம். ஒப்பந்தத்தில் வேறு நிபந்தனை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வாய்மொழிக் கணக்கை ஏற்காமல் ரசீது கேளுங்கள்.

கடைசி மாத வாடகையை முன்பணத்தில் கழித்துக்கொள்வது வசதிதான். ஒப்புதலை எழுத்தில் வாங்காவிட்டால் அது வாடகை பாக்கியாகிவிடும்.