கல்யாணப் படங்களுக்கு பிரீசெட்: வேலை குறையுமா, கூடுமா?

தட்டுவிளக்கு:
வணக்கம். கல்யாண ஆர்டர் ஒன்று. வேண்டாததைக் கழித்தது போக 820 ரா ஃபைல் (கேமரா பதப்படுத்தாமல் தரும் மூலக் கோப்பு), எடிட் செய்வது லைட்ரூம் கிளாசிக் மென்பொருளில். காசு கொடுத்து வாங்கிய டார்க் ஃபிலிம் பிரீசெட் (சேமித்து வைத்த எடிட் அளவுகளின் தொகுப்பு) ஒன்றை மொத்தத்துக்கும் போட்டால், முகூர்த்தப் படங்களில் பெண்ணின் முகம் சாம்பல் பூத்துக் கிடக்கிறது. தாலிக் கயிறு மஞ்சளாகவே இல்லை. வாசல் வாழைமரம் பட்டுப்போன மாதிரி இருக்கிறது. பிரீசெட் என்றாலே இப்படித்தானா, இல்லை இந்தப் பிரீசெட்தான் இப்படியா?

கைவேலை:
பிரீசெட் என்றாலே இப்படித்தான். யாரோ ஒருவர் வேறு ஊர் வெயிலில், வேறு நிறத் தோலுக்கு இழுத்து வைத்த ஸ்லைடர்களை மண்டபத்துக்குள் கொண்டுவந்து ஒட்டுகிறோம். மணமகள் அறையில் டியூப்லைட், மேடையில் வீடியோக்காரரின் எல்இடி, பந்தியில் ஜன்னல் வெளிச்சம், ரிசப்ஷனில் ஊதா பார் லைட். எல்லாவற்றுக்கும் ஒரே மருந்தா?

வெளிச்சம் மாறும் இடங்களில் பிரியுங்கள். 820 படம் என்றால் 25, 30 காட்சிக்கு மேல் வராது. காட்சிக்கு ஒரு படத்தைக் கையால் ஒழுங்காகச் சரிசெய்து, மற்றவற்றைத் தேர்ந்தெடுத்து சிங்க் கொடுங்கள் (அதே அளவுகள் அவற்றுக்கும் நகலாகும்). காட்சிக்கு 3 நிமிடம் வைத்தாலும் ஒன்றரை மணி நேரம்தான்.

நொடிக்கணக்கு:
//காட்சிக்கு ஒரு படத்தைக் கையால் சரிசெய்து//

அண்ணே, நீங்க சொல்ற சிங்க்கும் பிரீசெட்தான். பேர் வைக்காத பிரீசெட், அவ்வளவுதான். அந்த 30 படத்துலயும் அதே கர்வ் (இருட்டு, வெளிச்ச அளவை மாத்துற வளைகோடு), அதே ஷார்ப்பனிங், அதே லென்ஸ் கரெக்‌ஷன். 30 தடவை எதுக்குக் கையால போடணும்?

தப்பு பிரீசெட்ல இல்ல, அதைச் சேமிக்கும்போது வைக்கிற டிக்ல இருக்கு. கண்ட்ரோல் + ஷிஃப்ட் + என் அழுத்தினா வர்ற பெட்டியில முதல்ல 'செக் நன்' கொடுத்து எல்லாத்தையும் எடுத்துடுங்க. அப்புறம் டோன் கர்வ், கலர் மிக்ஸர் (ஒவ்வொரு நிறத்தையும் தனியா மாத்துறது), ஷார்ப்பனிங், லென்ஸ் கரெக்‌ஷன் மட்டும் டிக் வைங்க. எக்ஸ்போஷர் (மொத்த வெளிச்சம்), ஒயிட் பேலன்ஸ் (வெளிச்சத்தோட நிறத்தைச் சமன் பண்றது) பக்கம் போகவே கூடாது.

ஏன்னா பிரீசெட் கூட்டாது, கழிக்காது. இருக்கிறதை அழிச்சிட்டு தன் எண்ணை எழுதும். எக்ஸ்போஷர் டிக்கோட 0-ன்னு சேமிச்சிருந்தா, ஒவ்வொரு படத்துக்கும் நீங்க பார்த்துப் பார்த்து வச்ச +0.40, -0.25 எல்லாம் ஒரே கிளிக்ல பூஜ்யம் ஆயிடும். "0 தானே, ஒண்ணும் பண்ணாது"ன்னு நினைக்கிறவங்க நிறைய.

வாங்கின பிரீசெட்டையும் பிரிச்சுப் பார்க்கலாம். 2018-க்கு அப்புறம் வந்ததெல்லாம் எக்ஸ்எம்பி ஃபைல். நோட்பேட்ல திறந்தா எழுத்தாவே இருக்கும். 'எக்ஸ்போஷர்2012', 'டெம்பரேச்சர்'னு வரி இருக்கான்னு தேடுங்க. (அந்த 2012, அந்த வருஷம் வந்த ப்ராசஸ் வெர்ஷனோட, அதாவது லைட்ரூம் படத்தைக் கணக்கிடுற முறையோட அடையாளம்.) டெம்பரேச்சர் (வெளிச்சத்தோட நிறம், கெல்வின் அளவுல) 5500-ன்னு எழுதியிருந்தா, 3200 கெல்வின் மஞ்சள் பல்புல எடுத்த படம் பூரா ஆரஞ்சாத்தான் வரும்.

கைவேலை:
தம்பி, என் சிங்க் அதே மண்டபத்தில் அதே நிமிடத்தில் எடுத்த படத்திலிருந்து வருகிறது. உங்கள் பிரீசெட் எங்கிருந்து வருகிறது? வித்தியாசம் அங்கே.

எக்ஸ்போஷரை எடுத்துவிட்டால் தீர்ந்தது என்கிறீர்கள். கலர் மிக்ஸரை விட்டுவைத்தீர்களே, இவருடைய மூன்று புகாரும் அங்கிருந்துதான் வருகின்றன. நம் தோல் நிறம் ஆரஞ்சு ஸ்லைடரில் உட்காருகிறது. இந்த மாதிரிப் பிரீசெட்டுகள் ஆரஞ்சு சாச்சுரேஷனை (நிறச் செறிவு) 20, 25 குறைத்து லூமினன்ஸை (அந்த நிறத்தின் வெளிச்சம்) அதே அளவு ஏற்றும். சிவந்த வெள்ளைத் தோலுக்கு அது பளிச். மாநிறத்துக்கு அதுதான் சாம்பல். வாழையிலை வெறும் பச்சை இல்லை, பாதி மஞ்சள். இலையை அடக்குவதற்காக மஞ்சள் சாச்சுரேஷனை -40 இறக்கினால் தாலிக் கயிறு, முகத்து மஞ்சள், பட்டுச் சரிகை மூன்றும் கூடவே வெளுக்கும். பெண் வீட்டார் முதலில் பார்ப்பது முகத்தையும் கயிற்றையும்தான்.

கர்வ்காரன்:
இருவரும் ஒரே பிரீசெட்டை வைத்தே சண்டை போடுகிறீர்கள். ஒரு பிரீசெட் தொடாத ஸ்லைடரை அது அழிக்காது, எனவே துண்டு துண்டாக வைத்துக்கொள்ளலாம்: கர்வ் ஒன்று, கிரெய்ன் (ஃபிலிம் மாதிரிப் பொடிப்புள்ளி) ஒன்று, பச்சையை மட்டும் அடக்குவது ஒன்று. மூன்றாவதை வெளிப்புறப் படங்களுக்கு மட்டும் போடுங்கள், மேடைக்கு வேண்டாம்.

டீஹேஸை (புகைமங்கலை நீக்கும் ஸ்லைடர்) எந்தத் துண்டிலும் சேர்க்காதீர்கள். ஹோமப் புகைக்கு +30 நன்றாக இருக்கும். புகை இல்லாத அடுத்த படத்தில் முகம் கறுத்து, நிறம் கொதிக்கும்.

நாய்ஸுக்கு (வெளிச்சம் குறைந்த படத்தில் வரும் பொறிப்புள்ளிகள்), ஐஎஸ்ஓ எண்ணுக்கு (கேமராவின் ஒளி உணர்திறன்) ஏற்ப மாறும் ஐஎஸ்ஓ அடாப்டிவ் பிரீசெட் 2020-லேயே வந்துவிட்டது; பலர் தொடுவதே இல்லை. ஐஎஸ்ஓ 400, 1600, 6400 என மூன்று படங்களில் நாய்ஸ் ரிடக்‌ஷனைத் தனித்தனியாக வைத்து, மூன்றையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து பிரீசெட் உருவாக்குங்கள். பெட்டியில் ஐஎஸ்ஓ அடாப்டிவ் என்ற டிக் இருக்கும். நடுவில் 3200 வந்தால் மென்பொருளே இடைப்பட்ட அளவைக் கணக்கிட்டுப் போடும்.

இரண்டு கேமரா என்றால் பிரிஃபரன்சஸில் பிரீசெட்ஸ் பக்கத்துக்குப் போங்கள். கேமரா மாடல்வாரியாக, தேவைப்பட்டால் சீரியல் நம்பர்வாரியாக, அடிப்படைப் பிரீசெட்டை ரா டிஃபால்ட்டாக நிறுத்தலாம். இம்போர்ட் ஆகும்போதே தானாக உட்கார்ந்துவிடும். கேனனும் சோனியும் கலந்த வேலைக்கு இது இல்லாமல் முடியாது. இரண்டிலும் ஒரே கெல்வின் வைத்தாலும் தோல் ஒரே மாதிரி வராது.

தட்டுவிளக்கு:
நோட்பேடில் பார்த்தேன். டெம்பரேச்சர் இருக்கிறது, ஆரஞ்சு லூமினன்ஸ் +28. இரண்டாவது கேமராக்காரர் கொடுத்த 140 படம் ஜேபெக். அதற்கும் இதே துண்டுகள் ஓடுமா?

நொடிக்கணக்கு:
ஜேபெக்குக்குத் தனி செட் வைங்க. கேமராவே ஒரு கர்வ் போட்டுத்தான் ஜேபெக் கொடுக்கும். அதுமேல இன்னொரு கர்வ் விழுந்தா கோட்டு, கூந்தல் எல்லாம் ஒரே கறுப்புக் கட்டி. ஜேபெக்ல கெல்வினும் கிடையாது. -100 முதல் +100 வரை ஒரு அளவுகோல்தான். அடோபி கலர், கேமரா ஸ்டாண்டர்ட் மாதிரி ரா ப்ரொஃபைலும் (ரா படத்துக்கு அடிப்படை நிறம் கொடுக்கிறது) ஒட்டாது. கர்வ் பாதி பலத்துல ஒரு பிரீசெட் போதும். இல்லேன்னா அமவுன்ட் ஸ்லைடரை 50-க்கு இறக்குங்க. பிரீசெட் உருவாக்கும்போது 'சப்போர்ட் அமவுன்ட் ஸ்லைடர்' டிக் வச்சிருந்தாத்தான் அது அசையும்.

மொத்தமா கொஞ்சம் இருட்டா இருந்தா பிரீசெட் எதுக்கு? லைப்ரரியில க்விக் டெவலப் போங்க. ஒத்தை அம்பு 1/3 ஸ்டாப், ரெட்டை அம்பு 1 ஸ்டாப் (ஒரு ஸ்டாப் ஏத்தினா வெளிச்சம் ரெண்டு மடங்கு). அது ஒவ்வொரு படத்தோட சொந்த அளவுல இருந்து கூட்டும்.

கைவேலை:
இது சரி. கூடவே மேட்ச் டோட்டல் எக்ஸ்போஷர்ஸும் சொல்லியிருக்கலாம். அப்பர்ச்சர் பிரயாரிட்டியில் (ஷட்டரை கேமராவே தீர்மானிக்கும் முறை) வெளிச்சம் குதித்த தொடர் படங்களைச் சமன் செய்ய அதைவிட வேகமானது இல்லை. ஆனால் அது ஷட்டர், அப்பர்ச்சர், ஐஎஸ்ஓ எண்களை வைத்துக் கணக்குப் போடுவது. ஃபிளாஷ் எவ்வளவு அடித்தது என்று அதற்குத் தெரியாது. ஃபிளாஷ் படத்தில் நம்பாதீர்கள்.

ஒயிட் பேலன்ஸுக்கு ஐட்ராப்பரை (நிறம் தொட்டு எடுக்கும் கருவி) மாப்பிள்ளையின் பட்டு வேட்டியில் வைக்காதீர்கள். அது சந்தன நிறம். அதை வெள்ளை என்று நம்பினால் மேடை முழுக்க நீலம் ஏறும். வெளிச்சம் மாறும் ஒவ்வொரு இடத்திலும் கிரே கார்டு (நடுநிலைச் சாம்பல் அட்டை) ஒரு கிளிக். இதை எந்தப் பிரீசெட்டும் உங்களுக்காகச் செய்யாது.

கர்வ்காரன்:
2022-ல் வந்த அடாப்டிவ் பிரீசெட் அந்த இடைவெளியில் பாதியை அடைக்கிறதே? சப்ஜெக்டை (படத்தின் முக்கிய ஆளை) தானாகப் பிடித்து, முகத்தை மட்டும் ஏற்றலாம். கலர் மிக்ஸரால் கயிறு வெளுக்கும் சிக்கலே வராது.

கைவேலை:
சப்ஜெக்ட் என்றால் மாலையும் அதில் சேர்த்தி. முகத்துக்கு ஏற்றிய வெளிச்சத்தில் சம்பங்கி வெள்ளை வெடித்துவிடும். முகத்தோலை மட்டும் பிடிக்கும் பீப்பிள் மாஸ்க் (மாஸ்க் என்றால் எடிட் விழ வேண்டிய பகுதியைப் பிரிப்பது) இருக்கிறது. ஜோடிப் படத்துக்குச் சரி. இருபது பேர் நிற்கும் குரூப்பில் பின்வரிசையில் யாரை விட்டது என்று நீங்கள்தான் தேட வேண்டும். மாஸ்க் ஒவ்வொரு படத்துக்கும் புதிதாகக் கணக்காக வேண்டும். 820 படத்துக்கும் ஒட்டினால் கம்ப்யூட்டர் முனகும். பெரிதாக்கும் 40, 50 படத்துக்கு மட்டும் வையுங்கள்.

நொடிக்கணக்கு:
40 படத்துக்குன்னா அதையும் பிரீசெட்டா சேமிச்சு வைக்க வேண்டியதுதானே அண்ணே! ஒட்டினதுக்கு அப்புறம் 'அப்டேட் ஏஐ செட்டிங்ஸ்' ஒரு தடவை கொடுத்துட்டா போச்சு. ஏஐ டீநாய்ஸ் (நாய்ஸை நீக்குறது) போடணும்னா மாஸ்க்குக்கு முன்னாடியே முடிச்சிடுங்க, இல்லேன்னா ரெட்டை வேலை.

தட்டுவிளக்கு, உங்க பிரீசெட்ல டெம்பரேச்சரையும் ஆரஞ்சு, மஞ்சள் வரிகளையும் கழட்டிட்டு புதுப் பேர்ல சேமிங்க. மிச்சம் கர்வும் கிரெய்னும் நல்லாத்தான் இருக்கும்.

கைவேலை:
கர்வையும் பாருங்கள். டார்க் ஃபிலிம் வகையில் கர்வின் இடது கீழ்ப்புள்ளியைத் தூக்கி வைத்திருப்பார்கள். திரையில் அது ஃபிலிம் மாதிரி தெரியும். ஆல்பம் தாளில் கறுப்பே இல்லாமல் புகை படிந்த மாதிரி வரும். மொத்தத்துக்கும் போடும் முன் கூந்தலும் கறுப்புக் கோட்டும் உள்ள ஒரு படத்தை, ஆல்பம் போடும் அதே லேபில் 4×6 பிரிண்ட் எடுத்துப் பாருங்கள்.